ஆபீஸ் இன்டர்காமை இணைய போனுக்கு மாற்றிய கதை

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது ஆபீஸுக்கு இன்டர்காம் எதற்கு என்று எங்கள் எம்.டி.யே முதலில் கேட்டார். நியாயமான கேள்விதான். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர், கைரேகை மெஷின் என்று கம்பி போகிற எல்லாமே என் தலையில். ஆர்டர்களைக் கவனிக்கிற ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால் அவருடைய செல் நம்பரோடு சேர்ந்து நூல் மில், டையிங், பிரிண்டிங் யூனிட் என எல்லாருடைய தொடர்பும் போய்விடுகிறது, புதிதாக வந்தவர் முதல் ஒரு மாதம் "நான் இந்தக் கம்பெனியில் இருந்து பேசறேங்க" என்று ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கட்டிங் டேபிளில் நிற்கிறவர்கள் பாக்கெட்டில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கேட்டில் ஷிஃப்டுக்கு ஒரு செக்யூரிட்டி, அதில் யார் நம்பருக்கு அடிப்பது? ஆளுக்குப் போன் அடிப்பது வேறு, இடத்துக்குப் போன் அடிப்பது வேறு. இதைச் சொன்னதும் எம்.டி. சரி என்றுவிட்டார்.

பழையது சுவரில் மாட்டியிருந்த ஒரு இபிஏபிஎக்ஸ் பெட்டி, அதாவது ஆபீஸுக்குள்ளேயே இருக்கிற சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 4 லேண்ட்லைன் உள்ளே, 24 எக்ஸ்டென்ஷன் வெளியே. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இடி விழுந்து, கட்டிங் ஷெட்டுக்குப் போகிற கம்பி வழியாக வந்து அதன் எக்ஸ்டென்ஷன் கார்டுகளைக் கருக்கிவிட்டது. அந்த மாடல் கார்டு இப்போது வருவதில்லை. பழைய சாமான் கடையில் தேடிப் போடலாம், அடுத்த மழைக்கு மறுபடியும் தேடலாம். அதற்குப் பதில் ஆஸ்டரிஸ்க் போட்டுவிடலாம் என்று முடிவானது.

ஆஸ்டரிஸ்க் தெரியாதவர்களுக்கு: டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்கிற வேலையைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிற இலவச மென்பொருள். 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்கிற மாணவர், லினக்ஸ் சப்போர்ட் கம்பெனி ஒன்றை ஆரம்பித்துவிட்டு, ஆபீஸுக்கு ஒரு போன் சிஸ்டம் வாங்கக் கையில் காசில்லாமல் தானே எழுதியது. எங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆஸ்டரிஸ்க்கை நேரடியாகக் கட்டுவதென்றால் எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல். அதற்கு மேலே பிரவுசரில் கிளிக் செய்து வேலை பார்க்க ஃப்ரீபிபிஎக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நான் போட்டது அதுதான், 17-வது பதிப்பு, டெபியன் 12 என்கிற லினக்ஸின் மேல். நிறுவுவது பெரிய விஷயமே இல்லை, கணக்குப் பிரிவில் ஓரங்கட்டிய ஒரு சின்ன கம்ப்யூட்டரில் டீ குடித்து வருவதற்குள் ஏறிவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகளில் பாதி சென்ட்ஓஎஸ் 7 என்கிற பழைய லினக்ஸை வைத்து எழுதியவை, அதற்கு ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. இணைய போன்கள் ஒன்றையொன்று கூப்பிடுகிற முறைக்குச் சிப் என்று பெயர்; அதற்கு அவற்றில் சொல்லும் சேன்_சிப் என்கிற பழைய டிரைவரும் ஆஸ்டரிஸ்க் 21-லிருந்து கிடையாது, இப்போது பிஜேசிப் மட்டும்தான். பழைய வழிகாட்டியை அப்படியே காப்பி அடித்தால் எங்கே தப்பு என்று தெரியாமலே நாள் ஓடிவிடும்.

மென்பொருள் ஏறியதும் நான் முதலில் உட்கார்ந்தது ஒரு வெள்ளைத் தாளோடு. எந்த இடத்துக்கு எந்த நம்பர் என்பதற்காக. பழைய பெட்டியில் எக்ஸ்டென்ஷன்கள் 101-ல் ஆரம்பித்தன. 108 யாருக்கு இருந்தது தெரியுமா? கணக்குப் பிரிவுக்கு. யாராவது மயங்கி விழுந்து, பதற்றத்தில் ஒருவர் போனை எடுத்து 108 அடித்தால் அந்தப் பக்கம் அக்கவுண்டன்ட் எடுத்து "சொல்லுங்க" என்பார். 101 தீயணைப்பு, அது எங்களிடம் ஸ்டோர்ஸ் ரூம். இத்தனை வருஷம் இதை யாருமே யோசிக்காமல் ஓட்டியிருக்கிறோம் என்பதுதான் ஆச்சரியம். அதனால் 1-ல் தொடங்கும் எதையும் எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுக்கவில்லை, எல்லாம் 2-லும் 3-லும். 100, 101, 108, 112 ஆகியவற்றை அப்படியே அடித்தாலும் வெளியே போக வேண்டும், பழக்க தோஷத்தில் முன்னால் 0 போட்டு அடித்தாலும் போக வேண்டும். இரண்டையும் வெளியே போகிற கால்களுக்கான அவுட்பவுண்ட் ரூட்டில் முதல் வரியாக எழுதிவிட்டேன். நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அந்த 0 விஷயம் இன்னொரு கூத்து. 2021 ஜனவரி 15-லிருந்து லேண்ட்லைனில் இருந்து செல்லுக்கு அடிக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய பெட்டியிலோ வெளி லைன் கிடைக்கவே முதலில் 0 அழுத்த வேண்டும். ஆக செல் நம்பருக்கு இரண்டு 0. இது சிலருக்குப் பிடிபட்டது, பலருக்கு இல்லை, "லேண்ட்லைன்ல செல்லுக்குப் போகாதுங்க" என்றே முடிவுகட்டி விட்டிருந்தார்கள். புதியதில் 10 இலக்கச் செல் நம்பரை வெறுமனே அடித்தால் சிஸ்டத்தில் இருக்கிற நம்பர் விதிகளே, அதாவது டயல் பிளானே, ஒரு 0 சேர்த்து அனுப்பும், ஒரு 0 போட்டு அடித்தால் அப்படியே விடும். மனிதர்களைத் திருத்துவதைவிட டயல் பிளானைத் திருத்துவது சுலபம்.

நெட்வொர்க் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள், வாய்ஸ் போனால் நெட் மெதுவாகிவிடும் என்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஜி.711 என்கிற சாதாரணக் கோடெக்கில், அதாவது குரலை டேட்டாவாக மாற்றுகிற முறையில், ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு 64 கிலோபிட், டேட்டா பாக்கெட்டின் முகவரித் தலைப்பெல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 87 கிலோபிட். 20 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 மெகாபிட்டைத் தொடாது, ஆபீஸுக்குள் ஓடும் ஜிகாபிட் லைனில் இது தூசு. அதனால் உள்ளே ஜி.729 மாதிரி அமுக்குகிற கோடெக் எதுவும் வேண்டாம், ஜி.711-லேயே நம் ஊருக்கான ஏ-லா வகையை வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் மியூ-லா, அதுதான் பல பெட்டிகளில் முதலில் வந்து நிற்கும். போன்களுக்குத் தனி வீலேன், அதாவது அதே கம்பியில் ஓடும் ஒரு தனி நெட்வொர்க், பிரித்தேன். வேகத்துக்காக இல்லை, யாரோ ஒருவருடைய லேப்டாப் வைரஸ் பிடித்துக் கத்தினால் போன்கள் பாதிக்காமல் இருக்க.

நெட்வொர்க் கேபிளில் மாட்டுகிற ஐபி போனை வாங்கும்போது பிஓஇ இருக்கிறதா என்று பாருங்கள், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் வருகிற வசதி. சில கம்பெனிகளின் மலிவு மாடல்களில் பெயருக்குப் பின்னால் பி என்ற ஓர் எழுத்து இருந்தால்தான் அது உண்டு, இல்லாவிட்டால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அடாப்டர் தொங்கும், அந்த அடாப்டரைக் கழற்றி யாராவது செல்போன் சார்ஜரை மாட்டுவார்கள், நீங்கள் "போன் டெட்டுங்க" என்ற புகாருக்கு மாடி ஏறுவீர்கள்.

ஆனால் பிஓஇ-க்கு ஒரு விலை உண்டு, இது வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பழைய பெட்டியில் கரண்ட் போய் வந்தால் ரிசீவரை எடுத்த உடனே டயல்டோன். இப்போது கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தச் சில நொடியில், போன்களுக்குக் கேபிளில் கரண்ட் கொடுக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்துவிட்டால், ஸ்விட்ச் எழுந்து, அப்புறம் போன் எழுந்து, அப்புறம் ஆஸ்டரிஸ்க் ஓடுகிற சர்வரில் பதிவாகி, ஒன்றிரண்டு நிமிஷம் ஆபீஸ் முழுக்க ஊமை. சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்தால் போதாது, ஒவ்வொரு மாடியிலும் இருக்கிற ஸ்விட்சுக்கும் வேண்டும். எங்கள் பட்ஜெட்டில் போனுக்கு அடுத்தபடி காசு போனது இந்தச் சின்ன யூபிஎஸ்களுக்குத்தான், எம்.டி. முகம் சுளித்தது இங்கே மட்டும்தான்.

கட்டிங் ஷெட்டுக்கு இந்தத் தடவை செம்புக் கம்பியே போடவில்லை. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பது ஒரு காரணம், இடி இன்னொரு காரணம். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஒரு கன்வெர்ட்டர், ஷெட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச், முடிந்தது. கேட்டுக்கு மட்டும் பழைய டெலிபோன் கம்பியையே வைத்துக்கொண்டேன். அங்கே வெயிலும் மழையும் தூசியும், திரை வைத்த போன் வைத்தால் ஒரு வருஷம் தாங்காது. செக்யூரிட்டி அண்ணன் இத்தனை நாள் பயன்படுத்திய அதே பழைய பீட்டல் போன் அங்கே இருக்கிறது, இந்தப் பக்கம் ஏடிஏ என்கிற சின்னப் பெட்டி அதை ஐபி போனாகச் சர்வருக்குக் காட்டுகிறது. நாளைக்கு இடி விழுந்தால் அந்த ஏடிஏ போகும், போகட்டும். அதற்குப் பின்னால் இருக்கிற நெட்வொர்க் கேபிளில் ஒரு சர்ஜ் தடுப்பானும் போட்டிருக்கிறேன்.

இனி லேண்ட்லைன். உண்மையில் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், ஏனென்றால் தமிழில் இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

எங்களுடைய 4 லைனும் பத்திருபது வருஷப் பழைய நம்பர்கள், பில்லிலும் பெட்டியிலும் அச்சடித்தவை, விட முடியாது. அவற்றைச் சர்வருக்குக் கொண்டுவர எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்று ஒரு பெட்டி. லைனைச் சொருகினேன், கால் வந்தது, ரிசப்ஷனில் அடித்தது, பேசினார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். மதியத்துக்குள் ரிசப்ஷனில் இருக்கிற அக்கா கூப்பிட்டார், "தம்பி, வெளியில இருந்து அடிச்சா எல்லா லைனும் பிஸின்னு வருதாமுங்க, ஆனா இங்க யாருமே பேசலைங்களே." போய்ப் பார்த்தால் கேட்வேயில் 4 விளக்கும் எரிகிறது. ஒரு லைனை மானிட்டர் செய்து கேட்டால் உள்ளே "டூ... டூ... டூ..." என்று பிஸி டோன் தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். வெளியில் இருந்து கூப்பிட்டவர் வைத்துவிட்டார் என்பதை எங்களுடையதைப் போன்ற பழைய அனலாக் லைன் தனியாகச் சொல்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஒரு டோனைக் கொடுக்கும், மனிதக் காதுக்கு அது புரியும், ரிசீவரை வைத்துவிடுவோம். கால், அப்போது போட்டிருந்த வரவேற்புக் குரலில் நிற்கும்போது கூப்பிட்டவர் வைத்துவிட்டால் கேட்க மனிதக் காது இல்லை, கேட்வேதான் அந்த டோனைக் கண்டுபிடித்து லைனை விட வேண்டும். கேட்வேயோ அமெரிக்க டோனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது: 480-ம் 620-ம் கலந்த ஹெர்ட்ஸ், அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். நம் ஊர் பிஸி டோன் வெறும் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். அதன் காதில் இது டோனே இல்லை, யாரோ விசிலடித்துக்கொண்டு லைனில் இருக்கிறார்கள் அவ்வளவுதான். அதனால் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறது.

எழுதி வைத்திருக்கிற எண்ணை நம்பாமல் நானே அளந்தேன். ஒரு காலைச் சர்வரில் ரெக்கார்ட் செய்து, என் செல்லில் இருந்து கூப்பிட்டு நானே வைத்துவிட்டு, அந்த வேவ் ஃபைலை ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டரில் திறந்தால் படமாகவே தெரிகிறது, ஒரு கட்டை, ஒரு இடைவெளி, ஒரு கட்டை, ஒரு இடைவெளி. மௌஸால் இழுத்து நீளம் பார்க்கலாம், அதிர்வெண்ணைப் பார்க்கலாம். எங்கள் 4 லைனில் 3-ல் 0.75 நொடி வந்தது, ஒன்றில் மட்டும் 0.25 நொடி, அது நெரிசல் டோன் என்கிற வேகமான வகை. கேட்வேயின் அமைப்பில் பிஸிக்கு 400, 750 மில்லி நொடி ஒலி, 750 மௌனம் என்றும், நெரிசலுக்கு 400, 250, 250 என்றும் கொடுத்தேன். அடுத்த காலில் வைத்த சில நொடியில் விளக்கு அணைந்தது. கூப்பிட்டவர் வைக்கும்போது உங்கள் எக்ஸ்சேஞ்ச் லைனின் மின் துருவத்தை மாற்றிக் காட்டுமானால் டோனை நம்பவே வேண்டாம், அது இன்னும் துல்லியம், கேட்டுப் பாருங்கள்.

காலர் ஐடி வரவில்லையா? அதுவும் இதே கதை. அமெரிக்காவில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் எஃப்எஸ்கே என்கிற மோடம் ஒலி முறையில் நம்பர் வரும். இங்கே பல லேண்ட்லைன்களில் மணி அடிப்பதற்கு முன்பே டிடிஎம்எஃப் முறையில், அதாவது நாம் பட்டன் அழுத்தும்போது கேட்கிற அதே பீப் ஒலியில் வந்துவிடுகிறது. கேட்வேயில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கும், மாற்றிப் போட்டதும் நம்பர் தெரிந்தது.

லேண்ட்லைன் பழசு எதுவும் இல்லாத புது ஆபீஸ் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், ஃபைபர் கொடுக்கிற கம்பெனியிடமே சிப் டிரங்க் என்கிற இணைய வழி லைன் வாங்கிவிடுங்கள். நம்பர் வரிசையாக வரும், ஒவ்வொரு மேஜைக்கும் நேரடி நம்பர் கொடுக்கலாம், யார் எப்போது வைத்தார்கள் என்பது டிஜிட்டலாகத் தெளிவாக வரும்.

சென்னையில் எங்களுக்கு ஒரு சின்னக் கிளை உண்டு, இரண்டு போன். வயர்கார்ட் என்கிற விபிஎன், அதாவது இணையத்துக்குள் போகிற தனிப் பாதை, வழியாக இங்கே சேர்த்தேன். மணி அடித்தது, எடுத்தார்கள், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. இணைய போனில் இது பிரசித்தமான வியாதி. கூப்பிடுவதற்கான செய்தி ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகிறது, குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் செய்திக்குள் எழுதி அனுப்புவார்கள். என் சர்வர் சென்னை விபிஎன் முகவரியை வெளியாள் என்று நினைத்துக்கொண்டு அங்கே இணையத்தின் பக்கம் தெரிகிற எங்கள் பொது ஐபி முகவரியைக் கொடுத்திருந்தது. ஃப்ரீபிபிஎக்ஸின் சிப் அமைப்பில் லோக்கல் நெட்வொர்க் பட்டியலில் அந்த விபிஎன் முகவரி வரிசையைச் சேர்த்ததும் குரல் வந்துவிட்டது. விபிஎன் இல்லாமல் செய்கிறவர்கள் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் முதலில் அணையுங்கள், உதவி செய்கிறேன் என்று வந்து முகவரிகளைக் குழப்பி வைக்கிற சமாச்சாரம் அது.

இந்த இடத்தில் எம்.டி.க்கு ஒரு யோசனை வந்தது. சென்னைக்கு விபிஎன்னில் இலவசமாகப் போய், அங்கிருக்கிற லோக்கல் லைனில் இறங்கி சென்னை நம்பர்களுக்கு அடிக்கலாமே? தொழில்நுட்பப்படி ஒரு வரி வேலை. ஆனால் அதற்குப் பெயர் டோல் பைபாஸ், லைசென்ஸ் உள்ள கம்பெனிகள் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்வதாகிவிடும், சட்டப்படி கூடாது. உள்ளுக்குள் கிளைக்குக் கிளை பேசுவதோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது செல் பிளானில் எல்லா ஊருக்கும் ஒரே காசு, இதில் மிச்சமாகவும் ஒன்றுமில்லை. சிம் கார்டுகளை அடுக்கிப் பெட்டியில் போட்டுக் கால் திருப்பி விடுகிற சிம் பாக்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள், போலீஸ் கதவைத் தட்டுகிற விஷயம்.

பாதுகாப்புக்கு ஒரே விதிதான்: சிப் கால்கள் வருகிற 5060 போர்ட்டை இணையத்தின் பக்கம் திறக்காதீர்கள். சோதனைக்காக ஒரு தனி மெஷினில் சும்மா திறந்து வைத்து லாக் பார்த்தேன், ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு ஆள் வந்து 100, 101, 102 என்று வரிசையாகக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் 201-க்குப் பாஸ்வேர்டும் 201 என்று வைத்திருந்தால், சனிக்கிழமை ராத்திரி யாரோ உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசி, பில் மாதக் கடைசியில் வரும். ஐஎஸ்டி எங்களிடம் எம்.டி. அறையிலும் இரண்டு மெர்ச்சண்டைசர் போனிலும் மட்டும், அதுவும் பின் நம்பர் போட்டால்தான்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிசப்ஷன் அக்காவுக்குப் பழைய போனில் ஃப்ளாஷ் பட்டனைத் தட்டி, எக்ஸ்டென்ஷன் அழுத்தி, ரிசீவரை வைத்தால் கால் மாறிவிடும், கண்ணை மூடிக்கொண்டு செய்வார். புது போனில் டிரான்ஸ்ஃபர் பட்டன் திரைக்குக் கீழே, அதிலும் சொல்லாமல் மாற்றுவது, சொல்லி மாற்றுவது என்று இரண்டு வகை. முதல் வாரம் பையிங் ஏஜென்ட் கால்கள் சில அந்தரத்தில் போயின. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அவருக்கு வேண்டியது ஒன்றுதான் என்று புரிந்தது, எம்.டி. லைனில் இருக்கிறாரா இல்லையா என்று அடிக்காமலே தெரிய வேண்டும். பக்கவாட்டில் விளக்குப் பட்டன்கள் உள்ள போனாக அவருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு என்றால் பேசுகிறார், பச்சை என்றால் காலி, அழுத்தினால் அங்கேயே போய்விடும். அதற்கப்புறம் கட்டிங் மாஸ்டருக்கே அவர்தான் பாடம் எடுத்தார்.

"கணக்குப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிற குரல் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சாம்பிளிங் செக்ஷனில் நல்ல குரல் உள்ள ஒரு பெண்ணைப் பேசவைத்துப் போட்டோம். எங்களுக்குக் கால் செய்கிறவர்கள் நூல் மில்காரர், ஜாப் ஒர்க் எடுக்கிறவர், லாரி ஆபீஸ், கூரியர். யாரும் எண்ணை அழுத்தவில்லை, "ஹலோ, ஹலோ" என்று குரலோடு பேசிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். 50 பேருக்குள் இருக்கிற ஆபீஸுக்கு இந்த மாதிரிக் குரல், அதாவது ஐவிஆர், தேவையே இல்லை என்பது என் கட்சி. பகலில் நேரே அக்காவுக்குப் போகிறது, எடுக்காவிட்டால் பக்கத்து இரண்டு மேஜைக்கும் சேர்த்து அடிக்கிறது. சாயங்காலம் ஆபீஸ் மூடினால் கேட்டுக்குப் போகிறது. அந்தக் குரல் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வருகிறது.

ரெக்கார்டிங் கேட்கிறவர்களுக்கு: சாதாரண வேவ் ஃபைலில் ஒரு நிமிஷம் சுமார் 1 எம்பி. வெளிக் கால்களை மட்டும் பதிகிறோம், பதிவாகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு போகிறது, உள்ளுக்குள் பேசுவதைப் பதியவில்லை, அதை எம்.டி.யிடம் முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிட்டேன். பேக்கப் தினமும் ராத்திரி நாஸ் என்கிற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் விழுகிறது. அதே மாதிரி இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பேக்கப்பை ஏற்றி, போன்கள் பதிவாகின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிட்டு ரேக்கின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். கேட்வேயின் டோன் அமைப்பு மட்டும் ஃப்ரீபிபிஎக்ஸ் பேக்கப்பில் வராது, அது கேட்வேக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.